மாப்ள விமர்சகராயிட்டாப்ல

என்ன மாப்ள, பேருக்குக் கீழ 'கலை விமர்சகர்'னு போட்டுக்கிட்டியாமே? எம் மகதான் செல்லுல காட்டுனா. தாடிக்கொம்பு சவுந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபம். தூணுல ரதி நிக்குறா. அவளை மறைச்சுக்கிட்டு நீ நிக்குற. கீழ ரெண்டே வார்த்தை: 'வேற லெவல்'. அம்புட்டுத்தான் விமர்சனம். அந்தச் சிலையச் செதுக்குன ஆசாரி இதைப் படிச்சிருந்தா உளியத் தூக்கிப் போட்டுட்டு வெவசாயத்துக்குப் போயிருப்பாரு.

எம் மகளைக் கட்டுறதுக்கு முன்னாடியே என் தோள்ல கெடந்த பய நீ. அந்த உரிமையில சொல்றேன், சோத்துல கோவத்தைக் காட்டாத.

ஒனக்கு முன்னாடி இந்தச் சோலியப் பாத்தவரு ஆனந்தக் குமாரசாமி. கொழும்புல 1877-ல பெறந்தவரு. அப்பா முத்துக் குமாரசாமி இலங்கைத் தமிழரு, பேரெடுத்த வக்கீலு, வெள்ளைக்காரன் கூப்புட்டு 'சர்' பட்டம் குடுத்த ஆளு. அம்மா இங்கிலாந்துக்காரங்க. புள்ளைக்கு ரெண்டு வயசு நெறையுமுன்ன அப்பா போய்ச் சேந்துட்டாரு. வளந்ததும் படிச்சதும் இங்கிலாந்துல.

கலை படிச்சாரோன்னு நெனைக்கிறியா? கல்லப் படிச்சாரு மாப்ள. பாறை, மண்ணு, தாவரம், இதான் லண்டன்ல படிப்பு. 1903-லருந்து 1906 வரைக்கும் இலங்கையில கனிமம் கணக்கெடுக்குற ஆபீசுக்குத் தலைவரு. தோரியனைட்டுன்னு ஒரு புதுக் கனிமத்தையே கண்டுபிடிச்சுச் சொன்னவரு. கல்லத் தேடிக் காடுமேடெல்லாம் நடந்தவரு, போற ஊருல எல்லாம் சட்டி வனையிறவனையும் தறி நெய்யிறவனையும் பித்தளை தட்டுறவனையும் பாத்தாரு. பாத்துட்டு 'சூப்பர்'னு சொல்லிட்டு நடையக் கட்டல. யாருகிட்டப் பழகுன, என்ன கூலி, எந்த நெலத்துக்கு எந்த ஊழியம்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதுனாரு. கூடப் போன பொஞ்சாதி எதெல் அதையெல்லாம் படம் புடிச்சாங்க. ஒம் பொஞ்சாதியுந்தான் புடிக்கிறா, ஒன்னைய.

அதெல்லாம் சேந்து 1908-ல இடைக்காலச் சிங்களக் கலையப் பத்திப் பெரிய புத்தகமாச்சு. இங்கிலாந்துல வில்லியம் மோரிசுன்னு ஒரு மகராசன் வச்சிருந்த கையச்சு எந்திரம் இவரு கைக்கு வந்துச்சு. அதுலயே, பக்கத்துல நின்னு, ஒரு வருசத்துக்கு மேல பாடுபட்டு அச்சடிச்சாரு. எத்தன பிரதிங்குற? 425. ஒனக்கு லைக்கு போட்ட கூட்டம் அதைவிடப் பெருசுதான், ஒத்துக்கிறேன்.

இனிமேதான் கூத்து. 1910-ல லண்டன் கூட்டத்துல சர் ஜார்ஜ் பேர்டுவுட்டுன்னு ஒரு பெரிய மனுசன், இந்தியாவப் பத்தி எல்லாந் தெரிஞ்சவருன்னு பேரு, சாவகத்துப் புத்தர் படத்தைக் காட்டி, கொழுப்புப் போட்டு அவிச்ச புட்டிங்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசங்குற தினுசுல பேசிப்புட்டாரு. நீயா இருந்தா ராத்திரி முழுக்க முழிச்சிருந்து அந்தாளை வஞ்சு தீத்திருப்ப. அங்க என்ன நடந்துச்சு? ஹேவல், ரோதன்ஸ்டைன்னு வெள்ளைக்காரங்க, நம்ம குமாரசாமி எல்லாஞ் சேந்து அந்த வருசமே இந்தியக் கலைக்குன்னு ஒரு சங்கத்தை ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு வருசங் கழிச்சு 'சித்தாந்த தீபிகை'ங்குற பத்திரிகையில நடராசர் ஆட்டத்தைப் பத்திக் குமாரசாமி எழுதுனாரு. உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, தூக்குன காலு அருளுன்னு நம்ம சைவ சாத்திரத்தை வச்சே வெளக்குனாரு. 1918-ல அந்தக் கட்டுரைப் பேருலயே நியூயார்க்குல புத்தகம் வந்துச்சு. தீவாராதனைத் தட்டுல சில்லறை போட்டுட்டுத் திரும்புற நமக்கு அந்தக் காலு எதுக்குத் தூக்கியிருக்குன்னு தெரியாது. அமெரிக்காக்காரன் காசு குடுத்துப் படிச்சுக்கிட்டான்.

வடக்க சுத்தி ராசபுத்திர ஓவியமாச் சேத்தாரு. காசியில மியூசியம் கட்டுங்க, அம்புட்டையும் தர்றேன்னாரு. கட்டக் காசு பெரளல. 1917-ல பாஸ்டன் நுண்கலை மியூசியத்துக்குப் போச்சு. அதைப் பாத்துக்கிட அவரும் போயி, சாகுற வரைக்கும் முப்பது வருசம் அங்கனதான். நம்ம படத்தைப் பாக்க இப்ப நமக்கு விசா வேணும். 1947-ல எழுவது வயசு விருந்துல, ஊருக்குத் திரும்பப் போறேன்னு சொன்னாரு. மூணு வாரம் தாண்டல, செப்டம்பர் 9-ல போயிட்டாரு.

கல்யாணம் நாலு. ரெண்டாவது சம்சாரம் ஒரு வெள்ளைக்காரி, ரத்தன் தேவின்னு பேரு வச்சுக்கிட்டு நம்ம ராகம் பாடுனவங்க. இந்தப் பக்கத்தை மட்டும் நீ பொரட்டிப் பாக்க வேணாம். மாமனாரு இன்னும் உசுரோடதான் இருக்கேன்.

எல்லாஞ் சரி, ஒண்ணுல அவருகூட எனக்கு ஒப்பல. எந்திரம் வந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு, அப்பன் தொழிலை மகன் செஞ்ச காலந்தான் காலம்னு எழுதிருக்காரு. நம்ம திண்டுக்கல் நாகல்நகர்ப் பூட்டுப் பட்டறையில போயி இதைச் சொல்லிப் பாரு. மாங்காப் பூட்டை அரத்தால ராவி ராவி, சாவி வழுக்கிட்டு உள்ள போற வரைக்கும் ராவுறவருக்குக் கண்ணும் போகுது, இடுப்பும் போகுது. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. அலிகார் பூட்டு அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்து கடைய நெறைச்சிருச்சு. பூட்டு ராவுறவரு மகன் மில்லுக்குப் போறான். போகாதடான்னு சொல்லக் குமாரசாமிக்கு என்ன, அப்பன் சொத்து இருந்துச்சு. சின்னாளபட்டியில சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட கெழவிகிட்ட இதுல ஆன்மிகம் இருக்குன்னு சொன்னா, கூலியில இருக்கான்னு கேப்பா.

ஆனா ஒண்ணு, குமாரசாமி கேட்டுட்டு எழுதுனாரு. நீயும் வர்ற ஞாயித்துக்கெழம நாகல்நகர் போ. வெறுங்கையோட போயி நிக்காத. டீயும் வடையும் வாங்கிட்டுப் போ. ஒரு நாள் கூலியையும் எண்ணி வச்சுட்டு அப்புறமா வாயத் தொற. நீ கேள்வி கேக்குற நேரத்துல அந்த மனுசன் ரெண்டு பூட்டு முடிச்சிருப்பாரு. காசு இல்லைன்னா எங்க மச்சான்கிட்டக் கேளு, ஒங்கப்பன்தான. எங்கிட்டக் கேட்டுறாத.