பிடுங்குவதற்காக நட்ட செடி

கொக்கெய்னுக்கு மூலமான கோக்காச் செடியை வேரோடு பிடுங்கினால் முதல் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் பெசோ, பிறகு மாற்றுத் தொழிலுக்கு உதவி. கிளர்ச்சிப் படையோடு செய்த 2016 அமைதி ஒப்பந்தத்தை அடுத்து கொலம்பிய அரசு சொன்னது இது. (பூஜ்யங்களைப் பார்த்து மயங்க வேண்டாம், அன்றைக்குச் சுமார் 4,000 டாலர்.) ஏறக்குறைய 99,000 குடும்பங்கள் கையெழுத்திட்டன.

சேதி என்னவோ பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 2014-லேயே பரவிவிட்டது. செடி இருந்தால்தானே பிடுங்கக் காசு? பலர் புதிதாக நட்டார்கள்.

பிறகு சொன்னபடி பிடுங்கவும் செய்தார்கள். ஐ.நா. சரிபார்த்தபோது மறுபடி நட்டவர்கள் மிகச் சொற்பம். அரசு தரவேண்டிய தொழில் உதவிதான் பலருக்கு ஆண்டுக்கணக்கில் வரவில்லை. கோக்காவோ ஆண்டுக்கு நாலு முறையாவது அறுவடைக்கு வரும். கோப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சரி, அன்னாசி போடலாம். சாலை? படகு மாறி, கோவேறு கழுதை மாறி சந்தை சேர்வதற்குள் பழம் கள்ளாகிவிடும். கோக்காப் பசை முதுகுப்பையில் அடங்கும், அழுகாது. வாங்குகிறவன் ரொக்கத்தோடு வாசலுக்கே வருவான். ஈரப்பதம் பார்க்கமாட்டான், சிட்டா அடங்கல் கேட்கமாட்டான். இடுப்பில் துப்பாக்கி மட்டும் இருக்கும்.

ஐ.நா. கணக்கில் கோக்கா சாகுபடி 2016-ல் 1,46,000 ஹெக்டேர், 2023-ல் 2,53,000. பிடுங்கியவர் ஒருவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நட்டவர் வேறொருவர்.