மைனஸ் 57.1

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் ஆனர்ஸ் படிக்கிறவர்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் வெப்ப இயக்கவியல் வந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் ஒரு கலோரிமீட்டரில் கலந்து, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, நடுநிலையாக்கல் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். மோலுக்கு மைனஸ் 57.1 கிலோஜூல் என்று புத்தகம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அப்புறமென்ன, எந்த ஊர்க் கல்லூரியானாலும் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நாற்பது விடைகளும் 57-ஐச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். 56.8 என்று எழுதியவர் கூச்ச சுபாவி, 57.09 என்று எழுதியவர் துணிச்சல்காரர், வித்தியாசம் அவ்வளவுதான். டெல்லியில் இந்த நோட்டுக்கு பிராக்டிகல் ஃபைல் என்று பெயர், தமிழ்நாட்டில் ரெகார்டு. உள்ளே இருக்கிற இலக்கியம் ஒன்றே. இந்த ஒற்றுமையைப் பார்த்து யாரும் மகிழக் கூடாது என்பது என் கட்சி. அதுவும் ஜனவரிக் குளிரில் தொடங்கி மே மாத வெயிலில் முடிகிற டெல்லியின் இரண்டாம் செமஸ்டரில், 57.1-க்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். 49 என்று எழுதியவருக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அரை மோலார் அமிலம் 100 மில்லி, அரை மோலார் காரம் 100 மில்லி. இரண்டையும் கலந்தால், துளி வெப்பம்கூட வெளியே கசியாவிட்டாலும், சுமார் மூன்றரை டிகிரிதான் ஏறும். கையில் இருப்பது டிகிரிக்கு ஒரு கோடு போட்ட சாதாரண தெர்மாமீட்டர் என்றால், கண்ணை இடுக்கிக்கொண்டு அரை டிகிரி வரை ஊகிக்கலாம். அந்த அரை டிகிரி பிசகினால் விடை எட்டு கிலோஜூல் நகர்ந்துவிடும். நேர்மையாகச் செய்தவருக்கு 49-உம் வரலாம், 65-உம் வரலாம். பத்தில் ஒரு பங்கு டிகிரி காட்டுகிற நல்ல தெர்மாமீட்டர் கிடைத்தாலும் ஒன்றரை கிலோஜூல் அங்கே இங்கே போவதைத் தடுக்க முடியாது. போதாக்குறைக்கு, பாத்திரம் கொஞ்சம் வெப்பத்தைக் குடிக்கும், கலக்குகிற கண்ணாடிக் குச்சி கொஞ்சம் குடிக்கும், ‘ஆச்சா?’ என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிற நண்பர் மிச்சத்தை வெளியே விடுவார். இத்தனை திருடர்கள் புழங்குகிற வீட்டில் பெட்டிப் பணம் காலணா குறையாமல் இருக்கிறதென்றால், சந்தேகம் பெட்டிச் சாவி வைத்திருப்பவர் மேல்தான் விழ வேண்டும்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் 57.1 என்பது டெல்லியின் எண்ணே அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வெப்பங்களை விடாப்பிடியாக அளந்து வைத்தவர்களில் ஒருவர் கோபன்ஹேகனில் இருந்த யூலியஸ் தாம்சன். அந்தச் சீமை ஆய்வகங்கள் பதினெட்டு, இருபது டிகிரியில் இருந்தன. 57-ஐ ஒட்டிய எண் அந்தக் குளிருக்குச் சொந்தமானது. மிக நீர்த்த கரைசலில் 25 டிகிரிக்கு இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு மைனஸ் 55.8. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.2 கிலோஜூல் இறங்கும், கீழே போனால் அதே அளவில் ஏறும். ஆகவே ஸ்வெட்டருக்கு மேல் லேப் கோட் போட்டுக்கொண்டு நிற்கிற ஜனவரியில், 12 டிகிரி அறையில், விடை 59-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மின்விசிறி சூட்டை வாரி முகத்தில் அடிக்கிற ஏப்ரலில், 36 டிகிரியில், அது 54-க்குக் கீழே போய்விடும். கரைசலின் செறிவும் எண்ணைக் கொஞ்சம் அசைக்கும் என்பது வேறு விஷயம். சென்னை மாணவர் வருஷம் முழுக்க ஒரே பொய்யை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். டெல்லி மாணவருக்குப் பருவத்துக்கொரு பொய் தேவைப்படுகிறது. வெப்பநிலை மாறினால் வினைவெப்பமும் மாறும் என்று கிர்க்காஃப் 1858-இல் சமன்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார். அது இதே செமஸ்டரில், இதே தாளில் பாடமாக இருக்கிறது. காலையில் அதைப் படித்து ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தயாராகி, மத்தியானம் லேபுக்குள் நுழையும்போது செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருவது எப்படி என்பதுதான் வியப்பு.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. வேதியியலுக்கு எழுத்து 70, செய்முறை 30. அந்த முப்பதில் இருபத்தெட்டு வாங்கியவருக்கு வீட்டில் ஆறுதல் சொல்ல ஆள் தேவைப்படும். 2022 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதுதான் அதில் வேலை, பியூரெட்டுக்கு இடமே கிடையாது. நான்கில் ஒன்று கட்டாயம் சரி என்று பழகிவந்தவரிடம், எதுவுமே முழுக்கச் சரியில்லாத ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? அதே செமஸ்டரில் அயோடின் டைட்ரேஷனும் இருக்கிறது. தாமிர சல்ஃபேட்டில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றி, வெளிவருகிற அயோடினை ஹைப்போவால், அதாவது சோடியம் தயோசல்ஃபேட்டால், தீர்த்து, கடைசி நேரத்தில் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறைகிற சொட்டைப் பிடிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போனால் அது கன்கார்டண்ட் வேல்யூ. முதல் அளவு உழைப்பால் வருகிறது. இரண்டாவது, மூன்றாவது பெரும்பாலும் பக்தியால் வருகின்றன. ஏப்ரல் சூட்டில் அயோடின் பாட்டுக்கு ஆவியாகிக்கொண்டிருக்கும், ஸ்டார்ச் கெட்டுப்போயிருக்கும், நீலமும் வெளிறிவிடும். ஃபைலில் மட்டும் மூன்று வரியிலும் 18.4, 18.4, 18.4.

ஒத்துவராத எண்ணுக்கு இவ்வளவு பரிந்து பேச வேண்டுமா என்றால், வேண்டும். இயற்பியலாளர் ராலே பிரபுவை நினைத்துப் பாருங்கள். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.251 கிராம். வித்தியாசம் அரை சதவீதம். நம் லேபில் இதற்குப் பெயர் ‘ஓகே, சராசரி போடு’. அவர் போடவில்லை. 1892-இல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதி, யாருக்காவது காரணம் தெரியுமா என்று ஊரறியக் கேட்டார். வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்துகொண்டார், 1894-இல் ஆர்கான் பிடிபட்டது, 1904-இல் இருவருக்கும் நோபல் பரிசு, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில். நாம் மூச்சுவிடுகிற காற்றில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அந்த வாயு. ராலேவுக்கு இன்டர்னல் மதிப்பெண் பயம் இருந்திருந்தால் அது இன்றைக்கும் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். இதற்கு எதிர்க்கதையும் உண்டு. இயற்பியலாளர் மில்லிகன் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தபோது, காற்றின் பாகுநிலைக்குப் பிழையான மதிப்பைப் போட்டதால் விடை சற்றுக் குறைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஒரே தாவலில் சரியான எண்ணுக்குப் போகாமல், பெரியவர் சொன்னதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனார்கள் என்று இன்னொரு இயற்பியலாளர் ஃபைன்மன் 1974-இல் ஒரு பட்டமளிப்பு உரையில் கேலி செய்தார். ஃபைலில் 57.1 எழுதுகிற பழக்கம் பட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை.

தப்பான விடைக்கு மதிப்பெண் கொடுத்தால் சோம்பேறிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சோம்பேறிக்கு இப்போது நடப்பதுதான் கொண்டாட்டம்: குடுவையைத் தொடாமலே 57.1 எழுதிவிடலாம். 49 எழுத வேண்டுமென்றால் ஏன் 49 என்று சொல்ல வேண்டும், எத்தனை டிகிரியில் தொடங்கியது, எத்தனையில் நின்றது, குடுவை எவ்வளவு குடித்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். அது உழைப்பு. பொய்யாக 49 எழுதவும் வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். அப்படி எழுதுகிறவருக்குக் கொஞ்சம் மதிப்பெண் போனால் போகட்டும். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பிழை வரம்பெல்லாம் அதிகம் என்பது இன்னொரு வாதம். ஆனால் அதே நகரத்தில்தான் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது; வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநர். நாட்டின் அளவுகளுக்கெல்லாம் அடிப்படை அளவைக் காத்துவைக்கிற அந்த இடத்திலேயே, எந்த எண்ணும் பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறி இல்லாமல் வெளியே வராது. அவர்களுக்கே தேவைப்படுகிற குறி, டிகிரிக்கு ஒரு கோடு போட்ட தெர்மாமீட்டர்காரருக்குத் தேவையில்லை என்றால், நம் பிள்ளைகள் அவர்களைவிடத் திறமைசாலிகள் என்றுதான் முடிவுகட்ட வேண்டும்.

மிஞ்சுவது ஒரே கவலை: எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து 49-ஐப் பார்த்தால் கல்லூரியின் மானம் என்னாவது? நியாயமான கவலை. வருகிறவருக்குச் சமோசாவும் டீயும் கொடுத்து, அதே தெர்மாமீட்டரையும் கையில் கொடுத்து, ஏப்ரல் மத்தியானம் மாணவர்களுக்கு முன்னால் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லலாம். எழுதுவதற்குப் பேனா கொடுத்தால் போதும். பென்சிலும் ரப்பரும் வேண்டாம்.