எதிரணியில் ஆங்கிலம்

மணிமேகலை காலத்திலிருந்தே பட்டிமண்டபம் ஏறியவர்கள் நாம். தமிழில் என்றால் கல்யாணப் பந்தியிலும் நடுவர் இல்லாமலே வாதம் களைகட்டும். அதையே இங்கிலீஷில் பேசச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் செருப்பைத் தேடுவோம்.

இத்தனைக்கும் நான் படித்தது நெய்வேலியில். சோவியத் பொறியாளர்களோடு கைகோத்து அனல்மின் நிலையம் கட்டிய ஊர். அவர்களுக்கும் ஆங்கிலம் அந்நிய மொழிதான். அதற்காக மின்சாரம் கோபித்துக்கொள்ளவில்லை, 1962இல் வந்துவிட்டது. எங்களுக்குத்தான் வாயில் பவர் கட்.

ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் ஒரு தலைப்பு வைத்தார்: ஊருக்குப் பெருமை சுரங்கமா, முந்திரியா? அணியை அவரே பிரித்தார். சொல்வது நம் கருத்தில்லை, அணியின் கருத்து. உளறினாலும் பழி அணிக்குத்தான் என்ற தைரியம் வந்தது. பேசும்போது திருத்த மாட்டார். ஒருமுறை பேசியவன், கடைசி பெஞ்ச் வாய் திறக்கும்வரை மறுபடி எழக்கூடாது.

முதலில் வந்தவர்கள் மனப்பாடம். 1957இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்ததை மூன்று பேர் மூன்று முறை தொடங்கிவைத்தார்கள். பிறகு ஒரு அதிகாரி மகன் முந்திரி மரத்துக்காக உருக ஆரம்பித்தான். மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் கடைசி பெஞ்ச்காரனுக்குப் பொறுக்கவில்லை. அவன் வீட்டுத் தோப்பே முந்திரி. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாக இறைக்காவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு வரும். அவன் இங்கிலீஷ் அப்படித்தான் வந்தது.

"யூ நோ முந்திரி? யூ க்ளைம்ப் எனி ட்ரீ? ஐ க்ளைம்ப்! ஐ ஃபால்! யூ நோ நத்திங்!"

வகுப்பே கைதட்டியது. சார் மெதுவாகக் கேட்டார், "தம்பி, நீ சுரங்க அணியாச்சே?"

"ஃபர்ஸ்ட் ஐ ஃபினிஷ் சார். தென் அணி."

இலக்கணம் அன்று லீவு. மறுநாள் சார் யார் பெயரும் சொல்லாமல் போர்டில் தவறுகளை எழுதினார். 'ஃபால்' 'ஃபெல்' ஆனது. அந்த இறந்தகாலம் எங்களில் எவனுக்கும் இன்றுவரை மறக்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் நிரப்பிய கோடிட்ட இடங்களில் ஒன்றுகூட நினைவில்லை.

ஆங்கில ஆசிரியர்களே, வாரம் ஒரு பீரியடைச் சண்டைக்கு ஒதுக்குங்கள். 'விஞ்ஞானம் வரமா சாபமா' மட்டும் வேண்டாம். அதற்கு எந்தப் பிள்ளைக்கும் கோபம் வராது.