கடல் தட்டிக்கொண்டு போன பாட்டு

சால்ட் லேக்கில் இப்போது உப்பும் இல்லை, ஏரியும் இல்லை. முதலில் போனது உப்பு. வித்யாதரி ஆறு தூர்ந்து உவர்நீர் வரத்து நின்றதும், கல்கத்தாவின் சாக்கடை நீரிலேயே மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு ஏரியும் போனது. 1962 ஏப்ரலில் முதல்வர் பிதான் சந்திர ராயின் ஆட்சி யூகோஸ்லாவியாக்காரர்களைக் கூட்டிவந்து, ஹூக்ளியின் வண்டலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே இங்கே கொட்ட ஆரம்பித்தது. மீன் துள்ளிய பேரிகள் (மீன் வளர்க்கும் குளங்களுக்கு இங்கே அதுதான் பெயர்) மனைகளாயின. இன்று இங்கே ஆட்டோக்காரரிடம் இடம் சொல்ல வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் எண்ணைச் சொல்லவேண்டும்: டேங்க் நம்பர் நாலு, டேங்க் நம்பர் எட்டு. ஏரிக்கு அரசாங்கம் கட்டிய நினைவுத்தூண்கள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே ஏமாற்றப்பட்ட உப்பேரிகளுக்கு வக்காலத்து வாங்க இந்த ஊர்க்காரனைவிடத் தகுதியானவன் எவனும் இல்லை. என் கட்சிக்காரர், தென் பிரான்ஸில் செத் நகரத்தை ஒட்டிக் கிடக்கும் தோ ஏரி. எதிர்க்கட்சி, மத்தியதரைக் கடல். தகராறு, ‘லா மேர்’, அதாவது ‘கடல்’, என்ற பாட்டு. உலகத்தில் கடலைப் பற்றிப் பாடச் சொன்னால் முதலில் வந்து நிற்கிற பாட்டு.

எழுதியவர் ஷார்ல் திரெனே. 1913-இல் நர்போன் ஊரில் பிறந்தவர். தொப்பியைப் பின்னந்தலைக்குத் தள்ளி, கண்ணை உருட்டிப் பாடுவார். பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் ‘பாடும் பைத்தியம்’ என்றார்கள், பிரியமாகத்தான். 1943-இல், பிரான்ஸ் ஜெர்மன்காரர்களின் பிடியில் இருந்தபோது, மோன்பெலியேவிலிருந்து பெர்பிஞ்ஞானுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். செத் தாண்டியதும் தண்டவாளம் ஒரு மணல் திட்டின்மேல் ஓடும். ஒரு ஜன்னலில் கடல், எதிர் ஜன்னலில் தோ ஏரி. மனுஷன் பார்த்துக்கொண்டு வந்தது ஏரியை. பார்த்தது ஏரி, கைக்குக் கிடைத்த தாளில் எழுதியது கடல். கவிஞர்களை நம்பி நிலப்பத்திரம் எழுதக்கூடாது.

சாட்சி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. குளம் வருகிறது. குளக்கரையில் நனைந்த நாணல் வருகிறது. வெள்ளைப் பறவைகள், துருவேறிய வீடுகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. நடுக்கடலில் எந்த ஊரில் சார் நாணல் வளர்கிறது? சால்ட் லேக்கிலிருந்து கிழக்கே கொஞ்சம் போனால், தப்பிப் பிழைத்த பேரிக் கரையில் இதே பட்டியலை இன்றைக்கும் சரிபார்க்கலாம், கொக்கு உட்பட. (பதினாறு வயதிலேயே இதில் கொஞ்சத்தை எழுதிவிட்டதாகத் திரெனே சொல்லிக்கொண்டதும் உண்டு. பாட்டு ஓடிவிட்டால் அதற்கு வயது கூடிக்கொண்டே போகும்.)

நம் கோரமண்டல் எக்ஸ்பிரஸும் சில்கா என்கிற உப்பேரியை ஒட்டித்தான் போகிறது. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இல்லாவிட்டால் மிடில் பெர்த்தில் ஒரு தமிழர் எப்போதோ உலகப் புகழ் அடைந்திருப்பார்.

ரயிலில் கூட வந்த பியானோக்காரர் லியோ ஷொலியாக் மெட்டைச் செப்பனிட உதவினார். அன்று மாலையே மேடையில் பாடினார்கள் என்பார்கள். கூட்டம் அசையவில்லை. திரெனேவுக்கும் இது கொஞ்சம் விறைப்பான சரக்காகத்தான் பட்டது. அப்போது அவருக்கு வேறு தலைவலி இருந்தது. அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டால் ‘நெத்தேர்’ என்று வருகிறது, அது யூதப் பெயர் என்று பாரிஸின் நாஜி ஆதரவுப் பத்திரிகை எழுதிவிட்டது. பாவம், தாத்தா பாட்டிகளின் சான்றிதழ்களைத் தேடி அலையவேண்டி வந்தது. தன் பெயரையே குறுக்கெழுத்துப் போட்டி ஆக்கிவிட்டவர்களுக்கு நடுவில் கடலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

பாட்டை சூஸி சொலிடோரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரெத்தாஞ் கரையில் பிறந்தவர், மாலுமிப் பாட்டுக்கென்றே பேர் வாங்கியவர், இருநூறுக்கு மேற்பட்ட ஓவியர்களுக்கு முகம் காட்டி உட்கார்ந்தவர். கடல் பாட்டு தினம் பத்து வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டதாகக் கதை. கடல்காரியே வேண்டாம் என்றாள் என்பதை நீதிமன்றம் குறித்துக்கொள்ளவேண்டும்.

போர் முடிந்தது. 1945-இல் ரோலான் ஜெர்போ முதலில் பதிவு செய்தார். பதிப்பாளர் ரவுல் பிரத்தோன் நச்சரித்ததில் 1946-இல் திரெனே தானே பாடினார். ஆல்பெர் லாஸ்ரி வாத்தியக் குழுவையும் கூட்டுக்குரலையும் அலை அலையாகச் சேர்த்துவிட, பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இசை என்ற இடத்தில் திரெனேயோடு லாஸ்ரி பெயரும் ஏறியது. ரயிலில் கூட வந்த ஷொலியாக்கை அங்கே தேடாதீர்கள். அவரும் என் கட்சிக்காரராகலாம்.

பிறகு அமெரிக்கா. ஜாக் லாரன்ஸ், போர்க்காலத்தில் அங்கே வணிகக் கப்பல்காரர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்தவர். அவர் இந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது நாணல், குளம், கொக்கு எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டு, கடலுக்கு அப்பால் ஒரு காதலியைக் கொண்டுபோய் நிறுத்தினார். கப்பலில் போய்ச் சேரவேண்டும். இதோடு ஏரியின் கதை முடிந்தது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிக்கு அக்கரையில் காதலி நின்றால் சைக்கிளிலேயே போய்விடலாம், ஏக்கம் எங்கிருந்து வரும்? 1960-இல் பாபி டாரின் பித்தளை வாத்தியங்களோடு முழங்கி அமெரிக்கப் பட்டியலில் 6-ஆம் இடம் பிடித்தார். ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) முடிந்து பெயர்கள் ஓடும்போது ராபி வில்லியம்ஸ் பாடுவதும் இதே வடிவம்தான். ஒரிஜினல் பிரெஞ்சுப் பாட்டைக் கேட்கவேண்டுமானால் 2007-இல் வந்த மிஸ்டர் பீன் படத்தின் கடைசியைப் பாருங்கள். பிரான்ஸ் முழுக்கக் கலவரம் பண்ணிவிட்டு அந்த ஆள் வந்து சேர்வது கான் கடற்கரைக்கு. செத் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திரெனேவுக்கும் கௌரவம் சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. 1983-இல், எழுபது வயதில், பிரெஞ்சு அகாடெமியில் ஓர் இருக்கை கேட்டார். அங்கே உட்காரும் நாற்பது பேருக்கு ‘அமரர்கள்’ என்று பட்டம். நம் ஊரில் அந்தப் பட்டத்துக்குச் செத்தால்தான் முடியும். கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். 2001-இல் திரெனே காலமானார்.

தோ ஏரி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. கரையில் பூசீக் கிராமத்தின் பெயரில் சிப்பி விற்று அந்தப் பக்கத்து ஜனங்கள் பிழைக்கிறார்கள். ராயல்டியில் ஏரிக்கு ஒரு காசு வந்ததில்லை.