பழைய சாகாவின் வாயுத்தொல்லை: ரவாங் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழங்கார்களின் வயிற்றை ஆராய ரவாங்கைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சான்றுகள் இரண்டு. பெரோடுவா கார்த் தொழிற்சாலை இவ்வூரை ஒட்டிய சுங்கை சோவில்தான் இருக்கிறது. 1994-இல் வந்த கஞ்சில் அங்கே உருவானதுதான். அதற்கும் நூறாண்டு முன்பே, 1890களில், லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்து நீரை மின்சாரப் பம்பு வைத்து இறைத்ததும் இங்கேதான். ஆகவே, வேண்டாததை உறிஞ்சி வெளியேற்றும் கலை ரவாங் மண்ணுக்கே உரியது என்பது பெறப்படும். பெறப்படாது என்பாரும் உளர். அவர்கள் பக்கத்து ஊர்ச் செரண்டாக்காரர்கள்.

இனி ஆய்வுப் பொருள். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவையோ அதன் தம்பி இஸ்வாராவையோ இன்னும் ஓட்டுகிறவர் வீட்டு வாசலில் கறுப்பாக ஓர் எண்ணெய்ப் பொட்டு இருக்கும். எஞ்சின் ஓடும்போது, எரிந்ததும் எரியாததுமான வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அடிவயிற்றில் இறங்குகிறது. புது எஞ்சினிலும் இறங்கும். கிழட்டு எஞ்சினில் கூடுதலாக இறங்கும். அதை பிசிவி வால்வ் வழியாக இன்டேக்குக்கு இழுத்து, திரும்ப எரிப்பதே ஏற்பாடு. முன்பெல்லாம் ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாகனப் புகைக்கென்று அமெரிக்காவில் கட்டாயமான முதல் கருவி, கட்டைவிரல் அளவே உள்ள இந்த வால்வுதான்.

நோயைச் சித்த வைத்திய முறைப்படி வகுப்பதே சாலச் சிறந்தது. வால்வ் அடைத்துக்கொண்டால் வாதம்: போக்கிடம் இல்லாத வாயு கேஸ்கெட்டையும் ஆயில் சீலையும் பிதுக்கும், டிப்ஸ்டிக்கைக்கூடத் தூக்கும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் பித்தம்: காற்று மிகுந்து, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறும். கபம்தான் ரவாங்வாசிகள் தேடிக்கொண்டது. காலையில் வீட்டிலிருந்து கேடிஎம் ஸ்டேஷன், மாலையில் ஸ்டேஷனிலிருந்து வீடு. எஞ்சின் சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்தாயிற்று. உள்ளே தங்கிய நீராவி வெளியேற வழியின்றி எண்ணெயோடு கலந்து, மினியாக் ஹித்தாம் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளைக் களிம்பாகப் படியும். அதைக் கண்டதும் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று தலையில் கைவைப்பவர் பலர். ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் இருந்தால் அவ்வளவு பதற வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கோலாலம்பூர் வரை நன்றாக ஓட்டிவிட்டு வந்து பார்க்கலாம்.

கள ஆய்வில் அடிக்கடி காதில் விழும் உரையாடல்:

“போர்மேன் அண்ணே, போன மாசந்தான் கேஸ்கெட் மாத்துனேன். திரும்பவும் ஒழுகுதே?”

“காடிக்கு வயசாச்சு தம்பி. ஓவர்ஹால் பண்ணிடுவோம்.”

இந்த நான்கு வாக்கியத்திலும் வால்வ் என்ற பேச்சே இல்லை என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். வயிற்று உப்புசத்துக்கு வயிற்றையே மாற்றச் சொல்லும் வைத்தியம் இது.

சோதிக்கும் முறையில் இரு கட்சிகள் உண்டு. குலுக்கல் கட்சியார் வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டுவர். கிலுகிலுத்தால் உயிர் இருக்கிறது என்பர். விரல் கட்சியார் வால்வை ஹோஸோடு விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, அதன் வாயை விரலால் பொத்துவர்; சட்டென இழுப்பு தெரிய வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் கிலுகிலுக்கும் என்பதால் என் ஓட்டு விரலுக்கே. தவிர, ஹோஸ் அடைத்திருந்தாலும் விரல் சொல்லிவிடும். காதுக்கு அது தெரியாது.

கேஸ்கெட்டுக்கு மறுபடி காசு கொடுக்குமுன் வால்வை மாற்றிப் பாருங்கள். ஓவர்ஹால் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. விறைத்துப்போன ஹோஸையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஆனால் ஹார்ட்வேர் கடைத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்ட வேண்டாம். எண்ணெயும் சூடும் பட்டு அது இளகும், எஞ்சின் இழுக்கிற இழுப்பில் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும், வாதம் திரும்பிவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எண்ணெய் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.