அடுத்தது பிங்க்

இவரைத் தேடி அலைய வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடா முடிந்த பிறகு, திருப்பூரில் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும், சார்ஜர் சொருகுகிற பிளக்குக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பார். இல்லையென்றால் செக்கிங் சூப்பர்வைசர். அதுவும் இல்லையென்றால், நாலு ஓவர்லாக் மிஷின் வாங்கிப்போட்டு ஜாப் ஒர்க் பார்த்து, அந்த நாலையும் விற்றுவிட்டவர். முன்னால் வைத்த டீயில் ஆடை படர்ந்து, சுருங்கி, ஒரு ஓரமாக ஒதுங்கியும் போயிருக்கும். அவர் கண் அதில் இல்லை. கையகலத் திரையில் ஒரு சிவப்பு விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது. பேக்கரிப் பையன்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் பைலட். அதை அவர் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. பதவி உயர்வாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆட்டத்தை நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைலட்டிடம் கேட்டால் கடை பூட்டுகிற வரை சொல்வார். பணம் கட்டியதும் விமானம் கிளம்பும். 1.00-இல் ஆரம்பித்து ஒரு எண் ஏறும். 1.50-இல் பொத்தானை அமுக்கினால் கட்டிய 100 ரூபாய் 150 ஆகத் திரும்பும். 8-இல் அமுக்கினால் 800. அமுக்குவதற்குள் விமானம் பறந்துபோய்விட்டால் 100 ரூபாயும் அதிலேயே ஏறிப் போய்விடும். எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. 1.00-இலேயே, சக்கரம் தரையை விட்டு எழும்பாமலே, காணாமல் போவதும் உண்டு. 2014 வாக்கில் பிட்காயின்காரர்கள் இதை ஆடிக்கொண்டிருந்தபோது திரையில் வெறும் கோடுதான் ஏறியது. 2019-இல் ஸ்பிரைப் என்ற கம்பெனி கோட்டின் முனையில் ஒரு விமானத்தைப் பொருத்தி ஏவியேட்டர் என்று பெயர் வைத்தது. கோட்டை ஓட்டுகிறேன் என்று எவனும் சொல்லிக்கொள்ள முடியாது. விமானம் என்றதும் ஊருக்கு ஊர் பைலட்டுகள் முளைத்துவிட்டார்கள்.

நம்மவர் எதிரில் சூதாட்டம் என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். "சீட்டுல கைக்கு வர்றது வர்றதுதானுங்க. இதுல எடுக்கறது நம்ம கை. எப்ப எடுக்கோணும்னு தெரியறது இருக்குதே, அதுக்குப் பேர்தான் திறமை." பொங்கலுக்கு மச்சான்மார் மொட்டைமாடியில் மங்காத்தா போட்டால் அந்தப் பக்கமே போகமாட்டார், குடும்பம் கெட்டுப்போகும் என்று அவர்களுக்குப் புத்தி சொல்வார். அவருடைய அப்பா லாட்டரிச் சீட்டில் விட்டவர். கடைசி நம்பரை நட்சத்திரம், கனவு, வண்டி நம்பர் பிளேட் என்று எதிலிருந்தும் பிழிந்தெடுக்கத் தெரிந்த மனிதர். 2003-இல் ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்த பிறகு கையில் தொழில் இல்லாதவர்போல ஆகிவிட்டார். "எங்கப்பாரு அதிர்ஷ்டத்தை நம்பிக் கெட்டாருங்க" என்பார் பைலட். தாம் எதை நம்பி என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அவருடைய சாஸ்திரத்துக்கு வண்ணங்கள் மூன்று. திரையின் மேல்பக்கம் போன ஆட்டங்களின் எண்கள் வரிசையாக நிற்கும்: 2-க்குக் கீழே போனது ப்ளூ, 2 முதல் 10 வரை பர்ப்பிள், 10-க்கு மேலே பிங்க். தொடர்ந்து ப்ளூவாக வந்தால் பிங்க் கர்ப்பத்தில் இருக்கிறது என்று பொருள். பிங்க் வந்து முடிந்தால் இரண்டு ப்ளூ விட்டு இன்னொரு குட்டி பிங்க். இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில், கட்டிங் அளவு எழுதுகிற அதே சின்னக் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மார்பளவு, உயரம், தோள் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் 1.14, 1.87, 1.02, 23.60. எந்தப் பக்கம் எதற்கு என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒருமுறை அவருக்கும் தெரியாமல் போனதில் கழுத்து பெரிதாகிப்போன டி-ஷர்ட்டுகள் ஒரு லாட் வந்ததாகக் கம்பெனியில் பேச்சு.

இந்தச் சாஸ்திரம் அவர் கண்டுபிடித்ததும் இல்லை. 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் உருண்டை தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. அடுத்தது சிவப்புத்தான், சிவப்புத்தான் என்று கட்டிக் கட்டி ஒரு கூட்டமே காலியானது. கோட்டும் சூட்டும் போட்ட பைலட்டுகள்.

வண்ண சாஸ்திரத்தை விட ஆழமானது அவருடைய இறைக்கொள்கை. அதில் ஒரே கடவுள், பெயர் 'அவன்'. "அவன் பார்த்துக்கிட்டே இருக்கானுங்க." நிறையப் பேர் பெருந்தொகை கட்டினால் அவன் 1.10-இல் தள்ளிவிடுவான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் கூட்டம் குறையும்போது அவன் மனம் இளகிப் பறக்கவிடுவான். பைலட்டின் திறமையில் பாதி, அவனை ஏமாற்றுவது. பரம ஏழைபோல முகத்தை வைத்துக்கொண்டு பத்துப் பத்து ரூபாயாக ஏழெட்டு ஆட்டம் கட்டுவார். அவன் அசந்த நேரம் பார்த்து ஆயிரம். ஆயிரம் கட்டுகிற சமயத்தில் திரையைக் கையால் கொஞ்சம் மறைத்துக்கொள்வதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் ஒருவன் அகப்பட்டுக்கொண்டான். ஏவியேட்டரில் சர்வர் தரப்பிலிருந்து ஒரு ரகசியச் சரம், முதலில் பணம் கட்டுகிற மூன்று பேர் தரப்பிலிருந்து மூன்று சரம், நான்கையும் கலந்து ஒரு கணக்குப் போட்டால் வருகிறதுதான் விமானம் போகிற இடம் என்று பொறுமையாகச் சொன்னான். "அது கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவாயிடுதுங்ணா. நீங்க எவ்வளவு கட்டினீங்கன்னு அதுக்குத் தெரியவே தெரியாது." பைலட் கேட்டுக்கொண்டார். கடைசியில் கண்ணைச் சிமிட்டி, "முதல் மூணு பேருக்குள்ள நாம போயிட்டா?" என்றார். அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கியதும் முண்டியடித்து முதலில் கட்டுகிறார். பையன் இப்போது வேறு பேக்கரிக்குப் போகிறான்.

பையன் விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சொல்கிறேன். ஏவியேட்டர் கட்டிய பணத்தில் சராசரியாக 97 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி செய்யப்பட்டது. அந்த அமைப்பில் 97-ஐ எந்த எண்ணால் வகுக்கிறீர்களோ, அந்த எண்ணைத் தொட அத்தனை சதவீத வாய்ப்பு. 2-ஐத் தொட 48.5, 10-ஐத் தொட 9.7. அதாவது பயந்தவனாக 1.20-இல் எடுத்தாலும், தைரியசாலியாக 50 வரை உட்கார்ந்திருந்தாலும், கட்டுகிற ஒவ்வொரு 100-க்கும் 3 ரூபாய் அவனுக்கு. 5 வரை ஏறிவிட்ட விமானம் 10-ஐத் தொடுமா என்றால் பூவா தலையாதான். இதுவரை ஏறியதற்கு மதிப்பெண் கிடையாது. எந்த இடத்தில் எடுப்பது என்ற அந்த ஒரு முடிவில்தான் பைலட் தம் திறமையெல்லாம் இருப்பதாகச் சொல்கிறார். எந்த இடத்தில் எடுத்தாலும் விலை ஒன்றாக இருக்கிற இடமும் அதுவேதான். 3 ரூபாய்தானே என்று தோன்றும். அரை நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும், நூறு நூறாகக் கட்டுகிறவருக்குச் சராசரியாக மணிக்கு 360 ரூபாய் செலவு. திருப்பூரில் அந்தக் காசுக்கு பேக்கரி நாற்காலியையே வாடகைக்கு எடுத்துவிடலாம்.

பைலட்டுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மாற்று மருந்து வைத்திருக்கிறார்: தோற்றால் இரட்டிப்பு. நூறு போனால் இருநூறு, இருநூறு போனால் நானூறு, 2-இல் எடு. ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் வசூல். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் போனது 12,700. எட்டாவதுக்கு வேண்டியது 12,800. அதில் ஜெயித்தால் மிச்சம் 100 ரூபாய். நூறு ரூபாயைத் துரத்திக்கொண்டு 12,800 கடன் கேட்டு வருகிறவரை எந்தக் கணக்கும் காப்பாற்றாது. "ஏழு தடவை தொடர்ந்து வராதுங்க" என்கிறார். நோட்டைப் புரட்டினால் வந்திருக்கிறது. அந்த இடத்தில் ஓரமாக, 'சர்வர் கோளாறு' என்று குறிப்பு.

அவருடைய உண்மையான மேதைமை இந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஜெயித்தால் காரணம் ஒன்றே ஒன்று. தோற்றால் காரணங்கள் மழை மாதிரி கொட்டும்: நெட் சுத்தியது, விரலில் வியர்வை, ஒய்ஃபை மாறியது, பேட்டரி சேவர் போட்டிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய காரணம் வீட்டுக்கார அம்மா. அன்றைக்கு நானே பக்கத்தில் இருந்தேன். விமானம் 4 தாண்டி, 5 தாண்டி ஏறுகிறது. பைலட்டின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. "இது பிங்க்... இது பிங்க்..." என்று உதடு மட்டும் அசைகிறது. 6.80. திரையில் விமானத்தின் மேலேயே, பச்சை சிவப்பு வட்டங்களோடு, 'வீடு' என்று வந்து நின்றது. சிவப்பை அமுக்கித் தள்ளுவதற்குள் 7.31-இல் விமானம் போய்விட்டது. மறுபடி மணி அடித்தது. எடுத்தார். "மாவு வாங்கியாறச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?" என்ற குரல் எனக்கே கேட்டது. பைலட் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருபத்தேழாயிரம் ரூபா மாவுங்க இது" என்றார். கட்டியது இருநூறு. அவர் கணக்கில் விமானம் 135 வரை போயிருக்க வேண்டும். தோற்ற பணத்தை யாரும் இவ்வளவு பெரிதாக மதிப்பிட்டு நான் பார்த்ததில்லை.

திரையின் ஓரத்தில் மற்றவர்கள் எடுத்த தொகைகள் பச்சை பச்சையாக ஏறிக்கொண்டே இருக்கும். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரியும், நடுவில் நட்சத்திரங்கள். பைலட்டுக்கு அவர்களில் ஒரு குருநாதர் உண்டு. "இந்த 7-ல முடியறவன் இருக்கானே, கில்லாடிங்க. 40-ல எடுத்தான்." முகம் தெரியாது, ஊர் தெரியாது, நாளைக்கு வருகிற 7 இவன்தானா என்பதும் தெரியாது. குருபக்தி மட்டும் குறைவதில்லை. டெலிகிராமில் சிக்னல் கொடுப்பதாக ஒருவன் மாதம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டிருந்தான். அடுத்த விமானம் எங்கே போகும் என்று தெரிந்தவன் இரண்டாயிரத்துக்கு ஏன் அலைகிறான் என்று டீ மாஸ்டர் கேட்டார். "சேவை மனப்பான்மைங்க" என்றார் பைலட்.

சட்டத்திலும் அவரை அடித்துக்கொள்ள முடியாது. 1968-இல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 1996-இல் குதிரைப் பந்தயத்தையும் அப்படியே சொன்னது, இரண்டும் விரல் நுனியில். "குதிரை ஓடறதே திறமைன்னா, பிளைட்டு?" என்பார். குதிரைக்கு வம்சம் உண்டு, ஜாக்கி உண்டு, போன பந்தயத்துக்கும் இந்தப் பந்தயத்துக்கும் தொடர்பு உண்டு என்றெல்லாம் நீதிமன்றம் பார்த்தது. அந்தப் பக்கத்தை அவர் படிக்கவில்லை. ஆன்லைன் ரம்மியில் பணம் போய் உயிரை விட்டவர்களின் செய்தி வந்துகொண்டிருந்த 2022-இல் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு அவசரச் சட்டமும் போட்டது. அப்போது பைலட் கொஞ்ச நாள் பேக்கரிப் பக்கம் வரவில்லை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தடையிலிருந்து விலக்கியதும், வழக்கில் வாதாடி ஜெயித்தவர்போலத் திரும்பி வந்தார். தீர்ப்பில் விமானம் இல்லை. "அடுத்தது நம்மளுதுதானுங்க" என்றார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் அவரை உண்மையிலேயே புண்படுத்தியது. பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் திறமையானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, கூடாது என்றுவிட்டது. இத்தனை வருடம் வளர்த்த வாதத்தை ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார்களே என்று ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், நடத்துகிறவனுக்குத்தான் சிறை, ஆடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது, அவன் பாதிக்கப்பட்டவன் என்றார்களே, அது. "நான் பாதிக்கப்பட்டவனா? நானா?" என்று பேக்கரியே திரும்பிப் பார்க்கக் கேட்டார். ஜெயிலில் போடுவோம் என்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது ஏஜென்ட் மூலம் ஆடுகிறார். பணம் அனுப்ப ஒவ்வொரு முறையும் ஒரு புது யூபிஐ பெயர் வருகிறது: ஒருநாள் ஏதோ ஊர் பூக்கடை, மறுநாள் டயர் கடை, இன்னொரு நாள் யாரோ ஓர் அம்மாள். போட்ட பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறுகிறது. எடுக்கச் சொன்னால் மூன்று நாளாக 'பிராசஸிங்'. பூக்கடைக்கு அனுப்பிய பணத்தை யாரிடம் போய்க் கேட்பது? வீட்டில் இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்குங்க இவ்வளவு பூ?" என்று கேட்டிருக்கிறார்கள்.

சமீபமாகக் கையிருப்பு தீர்ந்த சனிக்கிழமைகள் அதிகமாகிவிட்டதால், பைலட் ஆலோசகர் ஆகிவிட்டார். மற்றவர்கள் ஆடுவார்கள், இவர் பின்னால் நின்று சொல்வார். இதில் அவர் தோற்றதே இல்லை. சொன்னது பலித்தால் சொன்னவர் அவர், பலிக்காவிட்டால் அமுக்கியவன் விரல் சரியில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த அயர்ன் மாஸ்டர் பையன் ஒருவன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன், நூறு ரூபாய் கட்டினான். பைலட் அவன் தோளில் கையை வைத்து, "தம்பி, அஞ்சு ப்ளூ போயிருக்குது. அடுத்தது பிங்க். கையை எடு, நான் சொல்றப்ப அமுக்கு" என்றார். விமானம் 1.30-ஐத் தொட்டது. பையன் சட்டென்று அமுக்கிவிட்டான். 1.34-இல் விமானம் போய்விட்டது.

"முப்பது ரூபா வந்துருச்சுங்ணா" என்று பையன் சிரித்தான். அத்தோடு அந்த ஆப்பை மூடிவிட்டு ஒரு தேங்காய் பன் சொல்லி வாங்கித் தின்ன ஆரம்பித்தான்.

பைலட் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, பையன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டமுங்க" என்றார்.