பின்தொடர்வோர் பெருக்கமும் எழுதுவோர் உறக்கமும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இணையத்தில் எழுதுவோர் தம் வாசகர் தொகை கூடுகிறதா என்று பார்க்கலாமா, பார்க்கலாகாதா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட சிக்கல். 'நான் எனக்காகத்தான் எழுதுகிறேன்' என்பார் ஒரு சாரார். அஃதேல், இட்ட ஐந்தாம் நிமிடமே திறந்து பார்ப்பது எற்றுக்கு எனின், எழுத்துப்பிழை திருத்தற்கு என்க. (காண்க: என் மைத்துனர், தொலைபேசி வழி.)

2. முன்னோர் கொள்கை

இவை இரண்டு. முதலாவது பெருக்கவாதம். பாரதியார் 1920-இல் தம் படைப்புகளை 40 நூல்களாக்கி, நூலுக்குப் 10,000 பிரதி வீதம் நாலு லட்சம் பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, கடன் கேட்டுப் பலருக்கும் சுற்றறிக்கை விட்டார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போல அவை விற்றுப்போகும் என்பது அவர் கணக்கு. திட்டம் நிறைவேறவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

இரண்டாவது சுருக்கவாதம். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு கட்டினார். அந்த வரம்பை முட்டும் ஆபத்து இதழுக்குக் கடைசிவரை நேரவில்லை.

3. வகைப்பாடு

எழுதுவோர் ஐவகைப்படுவர்.

அ. எண்ணிக்கையே பாராதார்: கள ஆய்வில் கிடைத்திலர்.

ஆ. பார்த்தும் பாராதார் போல இருப்பார்: ஏனையோர் அனைவரும்.

இ. குறைந்தால் மட்டும் பார்ப்பார்: விலகியவர் யார் என்று விடியும்வரை தேடுவார்.

ஈ. நிறைந்தது என்பார்: ஃபேஸ்புக் ஒருவருக்கு 5,000 நண்பர்களுக்கு மேல் தருவதில்லை. ஆகவே, 'நட்புப் பட்டியல் நிறைந்துவிட்டது, பின்தொடருங்கள்' என்று அறிவிக்கும் நாளே இவருக்குப் பொன்னாடை.

உ. மொய் எழுதுவார்: இவரே இவ்வாய்வின் உயிர்நிலை ஆதலின் தனி இயலாக விரிக்கப்படுகிறார்.

4. மொய்யியல்

தமிழ் வலைப்பதிவுகள் தழைத்த காலத்தில், 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைச் சுற்றி ஒரு நாகரிகம் வளர்ந்தது. முதலில் வந்து பின்னூட்டமிட்டவர் 'வடை எனக்கே' என்றார். பிந்தியவர் 'வடை போச்சே' என்றார். நேரமில்லாதவர் 'உள்ளேன் ஐயா' என்று வருகை பதிந்தார். தமிழ்மணத்தில் ஓட்டுப் போட்டவர் 'த.ம. 1' என்று ரசீது வைத்துப் போனார். இவற்றுள் பதிவைப் படித்தமைக்கு அகச்சான்று யாதொன்றும் இல்லை என்பது உற்றுநோக்கற்பாலது.

ஈண்டு 'வடை' என்றது உளுந்து வடையோ, மசால் வடையோ என ஐயுறுவார் உளர். உளுந்து வடை என்பர் ஒரு சாரார். நடுவே ஓட்டை இருத்தலின், உள்ளீடற்ற பின்னூட்டத்துக்கு அதுவே பொருந்தும் என்பது அவர் துணிபு. (ஒப்புநோக்குக: எதிர்வீட்டுத் தாத்தா, திண்ணை, மாலைப் பதிப்பு, காலைப் பதிப்பில் இக்கருத்து இல்லை.) மசால் வடையே என்பர் மற்றையோர், எலிப்பொறியில் வைப்பது அதுவே ஆதலின். (மைத்துனர், முற்சுட்டியவர், திருத்திய பதிப்பு, காதுகுத்து விழா, இரண்டாம் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடையில். பாயசம் வந்தபின் அவரே இதை மறுத்தார். பாயசத்துக்குப் பிந்திய கூற்றுகள் இடைச்செருகல் எனத் தள்ளப்படும்.) தொல்காப்பிய உரைகாரர் எவரும் இவ்விடத்து உதவிலர்.

இனி மொய்யாவது யாதெனின், பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய்விருந்து நடக்கும். கறிச்சோறு உண்டவர் எழுதும் தொகை நோட்டில் ஏறும். பின்னொரு நாள் அவர் வைக்கும் விருந்தில், முன்பு விருந்து வைத்தவர் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். இணையத்து 'அருமை'யும் அவ்வாறே. அவர் உமக்கு ஒன்று வைத்தால் நீர் அவருக்கு ஒன்று வைக்கக் கடமைப்பட்டீர். ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பவர் ஆயிரம் பேருக்குக் கடன்பட்டவர் என்பது போதரும். வேறுபாடு ஒன்றே: அங்கே கறிச்சோறு உண்டு.

5. புறனடை

'லைக்குக்கு அலைகிறார்கள்' என்று இணையத்தாரை எள்ளும் பேராசிரியர்க்கு எச்-இன்டெக்ஸ் உண்டு. 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் வகுத்த அளவு அது. ஒருவரின் பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் பத்து. எண் ஏறாதவிடத்துத் தம்மைத் தாமே மேற்கோள் காட்டுதலும், பக்கத்து அறை நண்பரைக் காட்டி அவரால் காட்டப்பெறுதலும் மரபு. இதுவும் மொய்யே, நோட்டுக்கு மட்டும் நூலட்டை.

இனி, வாசகர் பெருக்கத்தை முற்றத் துறந்த தூய எழுத்தைக் காண விழைவார் கருத்தரங்க ஆய்வுக்கோவையைக் காண்க. கட்டுரையாளர் பணம் கட்டுவார். ஐஎஸ்பிஎன் எண்ணும் சான்றிதழும் பெறுவார். படிக்குமாறு எவரும் துன்புறுத்தப்படுவதில்லை.

6. முடிபு

பெருக்கவாதமும் சுருக்கவாதமும் தம்முள் மாறுபட்டன அல்ல. நாலு லட்சம் கனவு கண்டவர் தீப்பெட்டி வாங்குகிற எளியவரையும் வாசகராக நினைத்தார். இரண்டாயிரத்தோடு நிறுத்தியவரோ புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்தார். இருவரும் தேடியது படிக்கிற ஆளை. ஆகவே ஆள் தேடுதல் எழுதுவார்க்கு விதி. எண்ணிப் பார்த்தல் பொறுக்கத்தக்க குற்றம். எண்ணுக்காக அடுத்த வரியை மாற்றுதல் பொறுக்கலாகாக் குற்றம்.

அஃதேல் படித்தவரை அறியுமாறு யாங்ஙனம் எனின், 'மூன்றாம் பத்தியில் நீங்கள் சொன்னது தப்பு' என்று எழுதுபவரே அகச்சான்றுடைய வாசகர். அவர் மூன்றாம் பத்திவரை வந்திருக்கிறார். சென்ற ஆண்டு இத்தகையார் ஒருவர், இவ்வாண்டு இருவர் எனின், அதுவே வளர்ச்சி என்று கொள்க. இவருக்குப் பதில் மொய் செய்ய வழியில்லை. உட்கார்ந்து பதில்தான் எழுத வேண்டும்.